சேலத்து வக்கீலும் கிண்டிக் குதிரைகளும்

நூறு ரூபாய். கொடுக்க வேண்டியவர் லண்டனில் உட்கார்ந்திருந்த இந்தியா மந்திரி. வாங்கிக்கொண்டவர் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கிச் சில வருடங்களே ஆகியிருந்த ஒருவர். இந்தியச் சட்ட அறிக்கைகளின் மெட்ராஸ் வரிசையில் ஏழாம் தொகுதி, 466-ஆம் பக்கத்தில் அந்த வழக்கு இருக்கிறது. ஆண்டு 1884. வாதியின் பெயரை ஆங்கிலத்தில் விதவிதமாக எழுதுகிறார்கள். நாம் சி. விஜயராகவாச்சாரியார் என்போம். சேலத்துக்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லாத பெயர், அல்லது தேவைப்படக்கூடாத பெயர்.

நான் இவரைத் தேடிப் போகவில்லை. நான் தேடியது குதிரைகளை. 2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் கோர்ஸின் குத்தகையை ரத்து செய்து தமிழ்நாடு அரசு பூட்டுப் போட்டபோது, ரேஸ் கிளப்புகள் நீதிமன்றம் ஏறிய பழைய வழக்குகளைப் படிக்க ஆரம்பித்தேன். அதில் என்னைப் பிடித்து நிறுத்தியவை நில வழக்குகள் அல்ல. ஜாக்கிகளும் டிரெய்னர்களும் குதிரை முதலாளிகளும் தங்கள் மீது விழுந்த தடையை எதிர்த்துப் போட்ட வழக்குகள். எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: ஒருத்தனை வெளியே தள்ளுவதற்கு முன்னால் அவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமா, வேண்டாமா? கேட்க வேண்டுமென்றால், யார் யார் கேட்டாக வேண்டும்?

அந்தக் கேள்வியின் நம்மூர்ப் பழைய வடிவத்தைத் தேடிப் பின்னால் போனால், ராசிபுரத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் இறங்குகிற சேலத்தில் போய் நிற்கிறது.

1882-இல் சேலத்தில் கலவரம். செவ்வாய்ப்பேட்டையில் இருந்த பள்ளிவாசலும், அதன் வழியாக மேளதாளத்தோடு போகிற சாமி ஊர்வலமும்தான் தகராறின் மையம். பல வருடம் புகைந்தது அந்த ஆண்டு பற்றிக்கொண்டது. பள்ளிவாசல் இடிக்கப்பட்டது, உயிர்கள் போயின. விஜயராகவாச்சாரியாரைப் பற்றிப் பெருமையாக எழுதுகிற பலர் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். தாண்டக் கூடாது என்று நினைக்கிறேன். அவர் குற்றமற்றவர் என்று பிறகு தீர்ப்பு வந்தது வேறு விஷயம். அன்று வீடும் வழிபாட்டிடமும் இழந்தவர்கள் இருந்தார்கள் என்பது வேறு விஷயம். ஒன்று இன்னொன்றை அழிக்காது.

கலவரத்தைத் தூண்டியதாக அவர் மேல் வழக்கு. பத்து வருடத் தண்டனை. உயர் நீதிமன்றத்தில் விடுதலை. தண்டிக்கப்பட்ட வேறு சிலர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்காகவும் இவர் பிறகு போராடினார், வைஸ்ராய் ரிப்பன் பிரபு வரை போனார். (இணையத்தில் பல பக்கங்கள் இவர்களைச் 'செல்லுலர் சிறை'யில் போட்டதாகச் சொல்கின்றன. அந்தக் கட்டடம் கட்டத் தொடங்கியதே 1896-இல். ஒருவர் எழுதியதை இன்னொருவர் அப்படியே காப்பியடித்தால் இதுதான் கதி.)

நமக்கு வேண்டியது இந்தக் கிரிமினல் வழக்கு இல்லை. அதன் நிழலில் நடந்த இன்னொன்று. அவர் சேலம் நகராட்சியில் உறுப்பினராக இருந்தார். அந்தக் காலத்தில் அந்தப் பதவிக்குக் கமிஷனர் என்று பெயர். இப்போதைய மாநகராட்சி கமிஷனரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நகராட்சிகளுக்கான 1871-ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டப்படி, கமிஷனரை நீக்கும் அதிகாரம் ஆளுநருக்கு இருந்தது. கிராண்ட் டஃப் தலைமையிலான சென்னை அரசு இவரை நீக்கியது. கலவரத்தில் பெயர் அடிபட்டவர், வெளியே போகட்டும். நிர்வாகத்தின் பார்வையில் அது ஒரு கையெழுத்து.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும், "உயிர் தப்பியதே போதும்பா, கவுன்சிலாவது ஒண்ணாவது" என்று விட்டிருப்பார்கள். பத்து வருடத் தண்டனையிலிருந்து தப்பியவருக்குச் சம்பளமில்லாத நகராட்சி நாற்காலி எதற்கு? ஆனால் அவர் இந்தியா மந்திரி மேல் வழக்குப் போட்டார். என்னை நீக்கியது தவறு, நஷ்டஈடு கொடு என்று.

அரசு எப்போதும் வைத்திருக்கும் கேடயம் ஒன்று உண்டு: இது ஆட்சியின் செயல், நீதிமன்றம் இதற்குள் நுழைய முடியாது. 1882-இல் ஓர் உப்பு வரி வழக்கில் இதே சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கேடயத்தில் பெரிய ஓட்டை போட்டிருந்தது. ஒரு சட்டத்தின் பெயரைச் சொல்லி அரசு ஒன்றைச் செய்தால், அந்தச் சட்டத்துக்குள் நின்றுதான் செய்ததா என்று நீதிமன்றம் பார்க்கலாம் என்றது. விஜயராகவாச்சாரியார் அந்த ஓட்டைக்குள் கையை விட்டார். நீக்கும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறது, சரி. சட்டம் கொடுத்த அதிகாரம்தானே? அப்படியானால் சட்டம் சொன்ன காரணத்துக்கு, சட்டம் சொன்ன வழியில்தானே பயன்படுத்த வேண்டும்? அவர் ஜெயித்தார். பதவி திரும்பக் கிடைத்தது, கூடவே அந்த நூறு ரூபாய்.

இதில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று. 1920 டிசம்பரில் நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர் இவர்தான். வக்கீல்கள் நீதிமன்றங்களைப் புறக்கணிக்க வேண்டும் என்பதையும் உள்ளடக்கிய ஒத்துழையாமைத் திட்டம் உறுதியானது அந்த மாநாட்டில். தலைவருக்கு அந்தத் திட்டத்தில் முழுச் சம்மதம் இல்லை. பின்னே இருக்குமா? அரசாங்கத்தையே கோர்ட்டுக்கு இழுத்து நூறு ரூபாய் வாங்கியவரிடம் போய்க் கோர்ட்டுப் பக்கம் போகாதே என்றால்?

இப்போது குதிரைக்கு வருவோம்.

எங்கள் பக்கத்தில் ஊர்விலக்கு என்று ஒரு தண்டனை உண்டு. கட்டுப்பாட்டை மீறியவன் குடும்பத்தை ஊர் ஒதுக்கி வைக்கும். கோயில் வரி வாங்க மாட்டார்கள், கடையில் சாமான் தர மாட்டார்கள், நல்லது கெட்டதுக்குக் கூப்பிட மாட்டார்கள். தண்டம் கட்டி, சபையில் விழுந்து கும்பிட்டால் சேர்த்துக்கொள்வார்கள். அதன் பலமே அது எழுதப்படாதது என்பதுதான். பெரியவர்கள் கூடி உட்கார்ந்தால் அதுதான் சபை, அவர்கள் சொல்வதுதான் சட்டம்.

இங்கிலாந்தின் ஜாக்கி கிளப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான் தொடங்கியது. 1750 வாக்கில் குதிரை வைத்திருந்த பிரபுக்கள் சிலர் கூடி ஏற்படுத்திய கிளப். நியூமார்க்கெட் மைதானம் அவர்கள் கையில் இருந்தது. பிடிக்காதவனைப் பார்த்து, "என் நிலத்தில் கால் வைக்காதே" என்பார்கள். 'வார்ன்ட் ஆஃப்' என்று ரேஸ் உலகம் இன்றும் சொல்வது இதைத்தான். 1827-இல் அப்படி விரட்டப்பட்டவர் ஒருவர் மீது போர்ட்லண்ட் பிரபு போட்ட வழக்கில், நிலத்துக்காரர் தன் நிலத்திலிருந்து யாரை வேண்டுமானாலும் விரட்டலாம் என்று ஆனது. கவனியுங்கள், அது அத்துமீறி நுழைந்ததற்கான சாதாரண வழக்கு. வெறும் நில உரிமை. அதன் மேல்தான் அடுத்த இருநூறு வருட ஒழுங்கு நடவடிக்கை முழுவதும் எழும்பியது.

இந்த முறை கப்பலேறி இங்கே வந்தது. 1896-இல் மெட்ராஸ் ரேஸ் கிளப். கல்கத்தா, பம்பாய், பெங்களூர், ஹைதராபாத் கிளப்புகளுக்கும் அதே அமைப்பு. ஸ்டூவர்டுகள் என்ற நடுவர்கள், அவர்களுக்குக் கண்ணாக இருக்கச் சம்பளம் வாங்கும் ஸ்டைபண்டரி ஸ்டூவர்டுகள், மேல்முறையீட்டுக்கு ஒரு குழு. ஜாக்கிக்கு லைசென்ஸ் கொடுப்பது கிளப். டிரெய்னருக்கும் கிளப்தான். ஒரு கிளப் தடை செய்தால் மற்ற கிளப்புகளும் அதை மதிக்கும். கிண்டியில் விலக்கப்பட்டவர் புனேக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்று கிடையாது. இது ஊர்விலக்கைவிட ஒருபடி மேல். ஊர்விலக்கில் பக்கத்து ஊரில் மாமன் வீடாவது இருக்கும்.

விசாரணை எப்படி நடக்கும்? ரேஸ் முடிந்த சூட்டோடு நடக்கும். முன்னுக்கு வர வேண்டிய குதிரை பின்தங்கினால் படத்தை ஓட்டிப் பார்ப்பார்கள், ஜாக்கியையும் டிரெய்னரையும் உள்ளே கூப்பிடுவார்கள். ஏன் கடிவாளத்தை இழுத்தாய், ஏன் முன்னால் விடவில்லை? மருந்து விவகாரம் என்றால் இன்னும் கடினம். குதிரையின் சிறுநீரில் தடைசெய்யப்பட்ட மருந்து இருந்தால் லாயத்தின் பொறுப்பாளர் டிரெய்னர், அவ்வளவுதான். யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது என்பதெல்லாம் அப்புறம். குதிரையால் சாட்சி சொல்ல முடியாது என்பதால் விதி இவ்வளவு கடுமையாக இருக்கிறது. இதில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பார்க்க வந்தவன் பணம் கட்டியிருக்கிறான், அந்த மிருகத்துக்கும் ஓர் உடம்பு இருக்கிறது.

இப்படி ஒரு மருந்து வழக்கில் மாட்டிய இங்கிலாந்து டிரெய்னர் ரஸ்ஸல். அவருடைய குதிரைக்கு மருந்து கொடுக்கப்பட்டிருந்ததாக ஸ்டூவர்டுகள் முடிவு செய்தார்கள். லைசென்ஸ் போயிற்று, ஆள் விலக்கப்பட்டார், ரேஸ் உலகத்தின் பத்திரிகையில் அந்தச் செய்தி அச்சேறியது. தொழில், பெயர் இரண்டும் ஒரே நாளில் காலி. முறையான விசாரணை நடக்கவில்லை என்று நார்ஃபோக் பிரபு உள்ளிட்ட ஸ்டூவர்டுகள் மீது வழக்குப் போட்டார். 1949-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரைத் தோற்கடித்தது. லைசென்ஸ் ஒப்பந்தத்தில், திரும்ப எடுத்துக்கொள்ள ஸ்டூவர்டுகளுக்கு முழு உரிமை என்று நீயே கையெழுத்துப் போட்டிருக்கிறாய், அதோடு உன்னைக் கூப்பிட்டு விசாரிக்கவும் செய்தார்கள், இன்னும் என்ன என்றது.

அந்தத் தீர்ப்பில் நீதிபதி டக்கர் சொன்ன ஒரு விஷயம் இந்தியத் தீர்ப்புகளில் இன்றுவரை மேற்கோளாகிறது. இயற்கை நீதியின் தேவைகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது, வழக்கின் சூழல், விசாரணையின் தன்மை, அதை நடத்தும் அமைப்பின் விதிகள் எல்லாவற்றையும் பொறுத்தது என்பது அதன் சாரம். இங்கே வேலையிலிருந்து நீக்கப்பட்ட குமாஸ்தாவின் வழக்கிலும் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட மாணவன் வழக்கிலும் இந்த வாசகத்தைத் தூக்கிப் போடுவார்கள். மருந்து கொடுக்கப்பட்ட ஒரு குதிரையிலிருந்து வந்த வாசகம் என்று அந்த மாணவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதே அமர்வில் இன்னொரு நீதிபதி இருந்தார், டென்னிங். ரஸ்ஸல் தோற்பதில் அவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காரணத்தில் அவர் வேறு வழி. ஒப்பந்தம் என்ன சொன்னாலும், ஒருவனின் பிழைப்பை அழிக்கிற தீர்மானத்துக்கு முன் அவனைக் கேட்டே ஆக வேண்டும் என்பது அவர் பக்கம். பதினேழு வருடம் கழித்து, 1966-இல், அதே டென்னிங் முன்னால் அதே ஜாக்கி கிளப் திரும்ப வந்து நின்றது. இந்த முறை எதிரில் ஃப்ளாரன்ஸ் நேகிள் என்ற பெண். பல வருடமாகக் குதிரைகளைப் பழக்கிக்கொண்டிருந்தவர். கிளப் பெண்களுக்கு லைசென்ஸ் கொடுக்காது. அதனால் அவர் லாயத்தில் வேலை செய்த ஆணின் பெயரில் லைசென்ஸ் இருந்தது. வேலைக்காரருக்கு லைசென்ஸ் உண்டு, முதலாளியம்மாவுக்குக் கிடையாது. நம்மூரில் பெண் பஞ்சாயத்துத் தலைவியின் நாற்காலியில் புருஷன் உட்கார்வான், இது அதன் தலைகீழ் வடிவம்.

கிளப்பின் வாதம் எளிமையானது. எங்களுக்கும் அந்த அம்மாவுக்கும் ஒப்பந்தமே கிடையாது. ஒப்பந்தம் இல்லாத இடத்தில் எப்படி வழக்கு? டென்னிங் இதை ஏற்கவில்லை. ஒரு தொழில் முழுவதையும் கையில் வைத்திருக்கிற அமைப்பு, தன் விருப்பத்துக்கு ஒருவரை வெளியே நிறுத்த முடியாது, வேலை செய்யும் உரிமை என்று ஒன்று இருக்கிறது என்றார். வழக்கு முழு விசாரணைக்குப் போகலாம் என்று தீர்ப்பு. கிளப் விசாரணை வரை காத்திருக்கவில்லை, லைசென்ஸைக் கொடுத்துவிட்டது. ரஸ்ஸல் வழக்கைவிட இதுவே பெரிய வழக்கு என்பது என் எண்ணம். ரஸ்ஸல் உள்ளே இருந்து தள்ளப்பட்டவர், நேகிள் உள்ளேயே விடப்படாதவர். உள்ளே விடப்படாதவருக்கும் கேள்வி கேட்கும் உரிமை உண்டு என்று ஆனது.

ஆனால் சட்டம் நேராக முன்னேறிக்கொண்டே போகும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். 1979-இல் ஆஸ்திரேலியக் குதிரை முதலாளி கால்வின் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார். முதல் விசாரணையில் குறை இருந்தாலும் மேல்முறையீட்டில் சரியாகக் கேட்டார்களே, போதும் என்று அனுப்பிவிட்டார்கள். 1989-இல் ஆகா கானின் அலிசா என்ற குதிரை எப்சமில் ஓக்ஸ் பந்தயத்தை ஜெயித்தது. சோதனையில் கற்பூரத்தின் தடயம் இருந்தது என்று வெற்றி பறிக்கப்பட்டது. ஆகா கான் கோபத்தில் தன் குதிரைகளை பிரிட்டிஷ் பந்தயங்களிலிருந்தே விலக்கிக்கொண்டார், வழக்கும் போட்டார். 1992-இல் வந்த தீர்ப்பு: ஜாக்கி கிளப்புக்கு எவ்வளவு அதிகாரம் இருந்தாலும் அது அரசின் அதிகாரம் அல்ல. நீங்களாக விரும்பி விதிக்குக் கட்டுப்பட்டீர்கள், அரசு அமைப்புகளை விசாரிக்கிற முறையில் இதை விசாரிக்க முடியாது. உலகத்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவருக்கே கதவு இப்படித்தான் சாத்தப்பட்டது. ஆனால் அவரால் குதிரைகளைக் கூட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போக முடிந்தது. ஜாக்கி எங்கே போவான்?

கிண்டிக்குத் திரும்புவோம். தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்துக்கு ஒரு விசித்திரமான சட்ட வாழ்க்கை. கருணாநிதி ஆட்சியில், 1974-இல் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. வழக்கு, இடைக்கால உத்தரவு, பந்தயம் தொடர்ந்தது. எம்ஜிஆர் ஆட்சியில், 1986-இல், ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ளும் சட்டம் வந்தது. ஒரு பக்கம் பந்தயம் தீமை என்று ஒழிக்கிற சட்டம், இன்னொரு பக்கம் அதே பந்தயத்தை அரசே நடத்த ஒரு சட்டம். டாக்டர் கே.ஆர். லட்சுமணன் போட்ட வழக்கில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமை சார்ந்த விளையாட்டு. கையகப்படுத்தும் சட்டம் தன்னிச்சையானது, செல்லாது.

இந்தத் தீர்ப்பை நீங்கள் நேரடியாகப் படித்திருக்க மாட்டீர்கள். ஆனால் ஃபோனில் ரம்மி விளம்பரம் பார்த்திருந்தால் அதன் பேரப்பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்கள். 'இது திறமை விளையாட்டு' என்று ஆன்லைன் ரம்மிக் கம்பெனிகள் நீதிமன்றத்தில் வாதாடியபோது முதலில் கையில் எடுத்தது லட்சுமணன் வழக்கைத்தான்.

எனக்கு உறுத்துவது வேறு. திறமை என்றால் யாருடைய திறமை? நீதிமன்றம் அதை விளக்குகிறது: குதிரையின் வம்சம், அதைப் பழக்கியவரின் கை, மேலே உட்கார்ந்திருக்கிற ஜாக்கியின் கணக்கு. அதாவது கிளப் இன்று சட்டப்படி உயிரோடு இருப்பதே ஜாக்கி, டிரெய்னர் ஆகியோரின் திறமையைக் காட்டித்தான். அந்தத் திறமைக்காரரின் லைசென்ஸோ கிளப்பின் கையில். வீடு நிற்பது அவர்கள் தோளில், சாவி மட்டும் அவர்களிடம் இல்லை. 1986 சட்டம் மட்டும் நின்றிருந்தால் கிண்டியில் லைசென்ஸ் கொடுப்பதும் பறிப்பதும் அரசின் வேலை ஆகியிருக்கும். நீக்கப்பட்ட ஜாக்கி விஜயராகவாச்சாரியார் போன வழியிலேயே நேராகப் போயிருக்கலாம். கிளப்பின் சுதந்திரத்தைக் காப்பாற்றிய தீர்ப்பு, கூடவே ஜாக்கியின் வழியை நீளமாக்கிவிட்டது. இதற்காக அரசு பந்தயம் நடத்தியிருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. நினைத்தாலே பயமாக இருக்கிறது.

வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று புரிய நாமக்கல் போதும். ஒரு லாரி ஓனரின் பர்மிட்டை ரத்து செய்ய வேண்டுமானால், 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி அவரிடம் முதலில் விளக்கம் கேட்க வேண்டும். கேட்காமல் செய்தால் தீர்ப்பாயம் இருக்கிறது. டிரைவரின் லைசென்ஸைப் பறிப்பதற்கும் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. இரண்டும் பிழைப்புக்கான காகிதங்கள்தான். ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்கு நாடாளுமன்றம் எழுதிக் கொடுத்த பாதுகாப்பு, கடிவாளம் பிடிக்கிறவனுக்குக் கிளப்பின் விதிப்புத்தகத்தில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான்.

முழுக்க அவ்வளவுதானா? இல்லை. இந்தியாவில் இரண்டு ஜன்னல்கள் திறந்திருக்கின்றன. ஒன்று பெல்காமில் இருந்த மேசானிக் லாட்ஜிலிருந்து வெளியேற்றப்பட்ட டாவர் என்பவரின் வழக்கு, 1962. உறுப்பினருக்கும் சங்கத்துக்கும் இருப்பது ஒப்பந்தம்தான், ஆனால் வெளியேற்றும்போது சங்கம் தன் விதிகளை எழுத்துப் பிசகாமல் பின்பற்ற வேண்டும், நல்லெண்ணத்தோடு நடக்க வேண்டும், இயற்கை நீதி அங்கேயும் உண்டு என்றது உச்ச நீதிமன்றம். டாவர் தோற்றார். அவர் பெயரைச் சொல்லி ஜெயித்தவர்கள் பலர்.

இரண்டாவது கிரிக்கெட் வழியாக வந்தது. 2005-இல் ஜீ டெலிஃபிலிம்ஸ் வழக்கில், கிரிக்கெட் வாரியம் 'அரசு' அல்ல என்று மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு. ஆனால் அது செய்வது பொதுப்பணி, அதில் தவறினால் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் போகலாம் என்று அதே பெரும்பான்மை சேர்த்துச் சொன்னது. கிரிக்கெட் வாரியத்துக்குப் பொருந்துவது ரேஸ் கிளப்புக்குப் பொருந்துமா? நாட்டின் பெயரில் அணி அனுப்பவில்லை, ஆனால் பந்தயப் பணத்துக்கு அரசு வரி வாங்குகிறது, ஒரு தொழிலின் ஒரே வாசலாக இருக்கிறது. தடைசெய்யப்பட்டவர் தரப்பு, தடை நியாயமா என்று பேசும் முன்னால் இதைப் பேசித் தீர்க்க வேண்டும். விஜயராகவாச்சாரியாருக்கு எதிரில் இருந்தது அரசுதானா என்ற சந்தேகம் யாருக்கும் வரவில்லை.

நேரம் என்ற ஒன்றும் இருக்கிறது. அசாருதீனுக்கு 2000 டிசம்பரில் ஆயுள் தடை. ஆந்திர உயர் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது 2012 நவம்பரில். தடை விழும்போது வயது 37, விலகும்போது 49. தொண்ணூற்றொன்பது டெஸ்ட்டிலேயே அவர் கணக்கு நின்றது. ஸ்ரீசாந்த் 2013-இல் தடைசெய்யப்பட்டார். குற்றத்துக்கும் தண்டனைக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது 2019-இல், தடை முடிந்தது 2020-இல். இவர்கள் பெயர் தெரிந்தவர்கள், வக்கீல் வைக்க வசதி உள்ளவர்கள். ஜாக்கியின் உடம்பு இன்னும் மோசமான கணக்கு. எடை ஐம்பது கிலோவைச் சுற்றியே இருக்க வேண்டும், அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டும். ஆறு மாதம் சவாரி இல்லையென்றால் உடம்பும் மறக்கும், குதிரை கொடுக்கிற முதலாளிகளும் மறப்பார்கள். சில பந்தய நாட்களுக்கான சஸ்பென்ஷன் என்றால் மனுவுக்கு எண் விழுவதற்குள் தண்டனைக் காலமே முடிந்துவிடும்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் இதைப் படிக்கும்போது லாயத்தோடு சேர்த்து இன்னொன்றும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு டெலிவரி ஊழியரின் கணக்கில் 'ஆக்டிவ்' என்று இருப்பதை 'பிளாக்டு' என்று மாற்ற ஒரு வரி நிரல் போதும். காரணம் எழுதும் கட்டத்தைக் கட்டாயமாக்கலாமா வேண்டாமா என்பது வடிவமைப்பவரின் முடிவு. கம்பெனி கேட்டால் வைப்போம். அந்த ஊழியரும் முதல் நாள் பதினைந்து பக்க நிபந்தனைக்குக் கீழே விரலால் ஒத்துக்கொண்டிருப்பார், ரஸ்ஸல் மாதிரியே. கர்நாடகத்தில் 2025-இல் வந்த கிக் தொழிலாளர் சட்டம், காரணத்தை எழுத்தில் கொடுத்து, 14 நாள் முன்னறிவிப்புத் தந்த பிறகே நீக்கலாம் என்கிறது. பிரபுக்களின் கிளப்போடு நடந்த பழைய சண்டையில் ஒரு சின்னத் துண்டு ஃபோனுக்குள் இறங்கியிருக்கிறது.

கடைசியாக அந்தப் பூட்டு. 1945-இல் கிண்டியில் சுமார் 160 ஏக்கரை 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது அரசு. ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். திருத்திய வாடகையின் பாக்கி 730 கோடிக்கு மேல் என்று அரசு கேட்க, 2023-இல் உயர் நீதிமன்றமும் கட்டச் சொன்னது. 2024 ஜூனில் ஊட்டி மைதானத்தை அரசு திரும்ப எடுத்தது, செப்டம்பரில் கிண்டி. வாடகைக் கணக்கில் எனக்குக் கிளப் மேல் பெரிய அனுதாபம் இல்லை. கிண்டியில் ஒரு ஏக்கர் வருடத்துக்கு நாலு ரூபாய்க்கும் கீழே என்றால் யாருக்குத்தான் வரும்?

ஆனால் கிளப் நீதிமன்றத்துக்கு எடுத்துப்போன வாதத்தைக் கவனித்தேன். எங்களுக்கு முறையான முன்னறிவிப்புத் தரவில்லை, எங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பே இல்லாமல் வாசலைப் பூட்டினார்கள். என் நிலத்தில் கால் வைக்காதே என்று விரட்டுகிற அதிகாரத்தை நியூமார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்து நூறு வருடத்துக்கு மேல் பயன்படுத்திய அமைப்பு அது. இந்த முறை நிலத்துக்காரர் அரசு, விரட்டப்பட்டது கிளப். எதிரில் இருப்பது அரசு என்பதால் வாசலில் நின்று வழக்கு நடக்குமா என்று வாதாட வேண்டிய தேவை கிளப்புக்கு இல்லை, சேலத்து வழியிலேயே நேராக உள்ளே போக முடிந்தது.